பாதி மாத்திரை

அக்கா வீட்டு அடுப்படியில், உப்பு ஜாடிக்கு மேலே அடித்த ஆணியில், ஒரு பாக்குவெட்டி தொங்குகிறது. இரும்பில் செய்தது, பிடி தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. மாமா கடலுக்குப் போகும்போது அதை இடுப்பில் செருகிக்கொண்டு போவார், கரைக்கு வந்ததும் அதே ஆணியில் மாட்டுவார். அதன் இரண்டு கைகளும் சேருகிற திருகாணியைச் சுற்றி மெல்லிய மஞ்சள் ஒன்று படிந்திருக்கிறது. பாக்கு வெட்டினால் படிவது பழுப்பு. இது மஞ்சள், இப்போது துருவோடு சேர்ந்து இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. அது ஒரு மாத்திரையின் பொடி. என் அக்காவின் கணவரை, நான் மாமா என்று கூப்பிட்ட மனிதரை, ரத்தப் புற்றுநோய் கொண்டுபோய்விடாமல் பிடித்து வைத்திருந்த மாத்திரை அது. தினமும் ஒன்று, முழுசாக விழுங்க வேண்டும். அவர் அதை இந்தப் பாக்குவெட்டியில் வைத்து வெட்டினார். இவ்வளவு வருடம் ஆகியும் அதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அப்புறம்தான் வருகிறது.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் சாலைக்கும், அலை அரிக்காமலிருக்கக் கருங்கல் கொட்டிய கரைக்கும் நடுவே, திருவொற்றியூர்ப் பக்கம் எங்கள் குப்பம். அம்மா அப்பா போன பிறகு எனக்கு அக்கா வீடுதான் வீடு. கடலை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும், உப்புக் காற்று எதையும் சும்மா விடாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள் என்று ஒன்று பாக்கியில்லாமல் துருப்பிடிக்கும். எங்கள் முன்னறை டியூப்லைட்டின் சுவிட்ச் எரிகிற பக்கமே மாட்டிக்கொண்டுவிடும். விரலால் அழுத்தினால் அசையாது. அக்கா துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து அடிக்கட்டையால் ஒரு தட்டு தட்டுவாள், அணையும். அவள் மீன் விற்கப் போயிருந்தால் பட்டப்பகலில் லைட் எரிந்துகொண்டே கிடக்கும். எனக்கும் மாமாவுக்கும் அந்த வித்தை கடைசிவரை கைவரவில்லை.

எனக்கு வேலை நகரத்துக்குள், ஒரு ரத்தப் பரிசோதனைக்கூடத்தில், மரபணுச் சோதனை செய்கிற சின்ன அறையில். சுனாமிக்கு முந்தைய வருடம் சேர்ந்தேன். குப்பத்தில் எனக்கு ‘ரத்தம் எடுக்கற பொண்ணு’ என்று பேர். எடுப்பது வேறு ஆட்கள் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். நான் செய்ததைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். உடம்பில் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்குள்ளும் எல்லா ஜீன்களும் இருக்கின்றன. கண்ணில் இருப்பதும் அதே, குடலில் இருப்பதும் அதே. எது எங்கே விழித்திருக்க வேண்டும், எது எங்கே தூங்க வேண்டும் என்பதில்தான் கண் கண்ணாகவும் குடல் குடலாகவும் இருக்கிறது. ஒரு செல் பெருக வேண்டுமென்றால் அதற்குக் கட்டளை வரும். ஒரு புரதம் அடுத்த புரதத்தைத் தட்டும், அது அதற்கடுத்ததைத் தட்டும், அப்படியே உள்ளே போய்த் தூங்குகிற ஜீனை எழுப்பிவிடும். வேலை முடிந்ததும் எல்லாம் அணைய வேண்டும். எரிவதைத்தான் எல்லோரும் மெச்சுவார்கள். அணையாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் தினமும் ஜெல் தகட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கொளியில் வைத்தால் அந்தத் தகட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மின்னும். கோடு இருந்தால் அந்த மனிதருக்கு வியாதி இருக்கிறது என்று அர்த்தம்.

மாமா ஃபைபர் போட்டில் போகிறவர். வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாது, கடலிலிருந்து வரும்போதே கரையில் இருப்பவனோடு பேச ஆரம்பித்துவிடுவார். அவருக்குக் கரையில் ஒரு மரியாதை இருந்தது. பங்கு பிரிப்பது அவர்தான். வந்த மீனில் போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மீதி ஆளுக்கு ஒரு பங்கு. காய்ச்சலில் படுத்தவனுக்கும் பங்கு உண்டு. அவன் கடலுக்கு வரவில்லை என்பதற்காக அவன் வீட்டுக் கூடை காலியாகப் போகக் கூடாது என்பது எங்கள் கரையின் வழக்கம். ஒன்றுமே விழாத நாளில் ஒரே ஒரு பெரிய மீன் கிடைத்தால் அதை நறுக்கியாவது பிரிப்பார்கள். மாமா நறுக்கினால் யாரும் எடைக்குப் பார்க்க மாட்டார்கள். துண்டுகள் ஒன்றுபோல இருக்கும். இதை அவர் கெட்டிக்காரத்தனமாகவோ நல்ல குணமாகவோ நினைத்ததில்லை. சாப்பிட்டால் கை கழுவுவதைப் போல அது ஒரு பழக்கம்.

அந்த மனிதருக்கு வலை இழுக்கும்போது இடது வயிற்றில் வலி வந்தது. முதலில் வாயு என்றார்கள், அப்புறம் கட்டி என்றார்கள். சோறு இரண்டு வாய் போனதும் வயிறு நிரம்பிவிடும். தோள் இளைத்தது, வயிறு மட்டும் பெருத்தது. போட்டில் கூட வருகிறவர்கள் எத்தனை மாசம் என்று கேட்டுக் கிண்டல் செய்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார். நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கரைகாணாமல் பெருகிக் கிடந்தன. மரபணுச் சோதனைக்கு அவருடைய ரத்தம் எங்கள் கூடத்துக்கே வந்தது. தகட்டில் அந்தக் கோடு அத்தனை தடிமனாக, அத்தனை பிரகாசமாக இருந்தது. கூட வேலை செய்த பெண் கோடு எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று பாராட்டினாள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டில் எப்படியாவது சொல்லியாக வேண்டும். முன்னறையில் உட்கார்ந்து சுவிட்சைக் காட்டித்தான் சொன்னேன். ரத்தம் ஊறுகிற இடத்தில் ஒரு செல்லுக்குள், இரண்டு குரோமோசோம்கள் உடைந்து துண்டு மாறி ஒட்டிக்கொண்டன. தனித்தனியாக இருக்க வேண்டிய இரண்டு ஜீன்கள் ஒன்றாகிவிட்டன. அதில் ஒன்று பெருகச் சொல்லும் சுவிட்ச், தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் பகுதி அதற்கு இப்போது இல்லை. அதனால் எந்நேரமும் பெருகு பெருகு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. தொத்துவியாதி இல்லை, யாரும் செய்த பாவமும் இல்லை, உப்புக் காற்று சுவிட்சைப் பிடிக்கிற மாதிரி ஒரு விபத்து. இப்போது ஒரு மாத்திரை வந்திருக்கிறது. அந்தப் புரதத்தில் ஒரு சின்னக் குழி உண்டு, மாத்திரை அதில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்திருக்கும்வரை சுவிட்ச் சும்மா இருக்கும் என்றேன். மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

“அப்ப மாத்திரன்றது உங்க அக்கா தொடப்பக்கட்ட மாதிரின்னு சொல்லு.”

அக்காவும் சிரித்தாள். அந்த வீட்டில் அதற்கப்புறம் அந்த மாத்திரைக்குத் துடைப்பக்கட்டை என்றே பேர். ஒரு உதவித் திட்டத்தில் அது இலவசமாகக் கிடைத்தது. கடையில் வாங்குவதென்றால் எங்கள் தெருவே சேர்ந்தாலும் எட்டாது. பெரிய மாத்திரை, மஞ்சளாக இருக்கும். கடலிலிருந்து வந்து சாப்பிட்டதும் அக்கா ஒரு சொம்புத் தண்ணீரோடு நிற்பாள். “தொடப்பக்கட்ட போட்டாச்சா?” என்பாள். அவர் நாக்கை நீட்டிக் காட்டுவார். கொஞ்ச நாளில் வயிறு வற்றியது, தோள் திரும்பி வந்தது, ஆள் மறுபடியும் போட்டில் ஏறினார். ஒரே ஒரு தொல்லை, கண்களைச் சுற்றி வீங்கிக்கொண்டது. அது அந்த மாத்திரை செய்கிற வேலை, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். காலையில் எழுந்தால் இமை திறக்காது. குளவி கொட்டின ஆள் மாதிரி இருக்கிறாய் என்று அக்கா குளிர்ந்த தண்ணீரில் துணி நனைத்து ஒற்றியெடுப்பாள். அடுத்தடுத்த சோதனைகளில் தகட்டில் அந்தக் கோடு மெலிந்து, மங்கி, கடைசியில் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்கும்படி ஆனது. அன்றைக்கு நான் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் புளியந்தோப்பு அண்ணனை மாமா பிடித்தார். அவர் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இருந்தவர், ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை, மாமாவைவிடக் கொஞ்சம் சின்னவர், பேசத் தெரியாத கூச்ச சுபாவம். அவருக்கும் இதே வியாதி. ஆனால் மாத்திரைக்கு எழுதிப் போட்டது வரவில்லை. அவருடைய சோதனை முடிவு ஏதோ ஒரு மேசையில் நின்றுபோயிருந்தது, யாரைக் கேட்டாலும் அடுத்த வாரம் என்றார்கள். பேசாத ஆளைப் பேச வைத்துத் தோஸ்து ஆக்கிக்கொள்வது மாமாவுக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் மீன் வாங்க எங்கள் வீட்டுக்கே வர ஆரம்பித்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமாவது இல்லாமல் வர மாட்டார். அக்கா அவரைத் தம்பி என்பாள், அவர் அக்காவை அண்ணி என்பார். நல்ல சங்கராவோ வஞ்சிரத் துண்டோ ஒயர் பையில் போட்டுக் கொடுப்பாள். ஒவ்வொரு தடவையும் மாமாவே பையை வாங்கி, இரு, இன்னும் ரெண்டு போடுகிறேன் என்று உள்ளே எடுத்துப்போய்க் கொண்டுவந்து அக்கா கையிலேயே கொடுப்பார். அக்கா அதை அவரிடம் நீட்டுவாள். ஒவ்வொரு வாரமும் அவள் கையாலேயே அதை நீட்டினாள் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

அந்த நாட்களில்தான் மாமாவின் கண் வீக்கம் வடிந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். முகம் பழையபடி ஆகிவிட்டதென்று அக்கா அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்திக் காட்டினாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். உடம்பு மாத்திரைக்குப் பழகிவிட்டது என்று நானே நினைத்தேன், சிலருக்கு அப்படி நடப்பதும் உண்டு. டாக்டரும் ரத்தம் நன்றாக இருக்கிறது என்றார். பல மாதம் நன்றாகவேதான் இருந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் தகட்டைத் தூக்கிப் பார்க்கிறேன், அந்தக் கோடு திரும்பி வந்திருந்தது. மெலிசாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. கலப்படம் ஆகியிருக்கும் என்று இன்னொரு முறை போட்டேன். மறுபடியும் வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டதற்கு, ஒரு நாள் விட்டதில்லை என்றார் மாமா. அதில் பொய்யில்லை. ஒரு நாள்கூட விட்டதில்லைதான்.

அடுத்த நாள் எனக்கு லீவு. அக்கா குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு கொட்டைப் பாக்கை வாயில் போடலாமென்று ஆணியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தேன். விரலில் மஞ்சளாகப் பொடி ஒட்டியது. சமையல் மஞ்சளோ என்று முகர்ந்தேன், வாசமில்லை. நாக்கில் வைத்தேன், கசந்தது. மாமாவின் மாத்திரை அட்டையில் அந்த நிறத்தை நான் எத்தனையோ முறை பார்த்தவள். பாக்குவெட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வலையைக் காயப்போட்டுவிட்டு மாமா உள்ளே வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மறைக்கவெல்லாம் பார்க்கவில்லை. எதிரே குந்திக்கொண்டு நிதானமாகச் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்னாலேயே மாத்திரையை வெட்டி வைத்துவிடுவாராம். அக்கா முன்னால் கையை மூடிக்கொண்டு வாயில் போட்டது பாதி. மறுபாதி ஒரு ஃபிலிம் ரோல் டப்பாவில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை மீன் பையின் அடியில் புளியந்தோப்புக்குப் போயிற்று.

“பாதி போட்டாலும் நல்லாதான கீறேன். என் வயிறு வத்திப்போச்சு, அவன் வயிறு பானையாட்டம் இருந்துச்சி. ஒரே நோவு, ஒரே மாத்திர. ஆளுக்குப் பாதி. இதுல இன்னா தப்பு பாப்பா?”

“மாமா, இது மீன் இல்ல.”

“அவனும் நோவுல படுத்தவன்தான். படுத்தவனுக்குப் பங்கு இல்லன்னு எந்தக் கரையில சொல்லுவாங்க?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. பாதி மாத்திரை பாதிக் குழிகளைத்தான் அடைக்கும். அடைபடாத செல்கள் சும்மா இருக்காது, பெருகும். பெருகும்போது ஜீனில் எங்காவது ஓரிடத்தில் பிசகும். பிசகின ஒன்றில் அந்தக் குழியின் வடிவமே மாறிப்போகும். அப்புறம் முழு மாத்திரை போட்டாலும் அதில் உட்காராது. எல்லாவற்றையும் சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். சரி, இனிமேல் முழுசா போட்டுக்கறேன், ஆனால் அவனுக்கு வர வரைக்கும் அவன் இன்னா பண்ணுவான் என்றார். நல்லவர்கள்மேல் கோபப்படுவது போன்ற பேஜாரு உலகத்தில் வேறில்லை. திட்டுகிற வார்த்தை எல்லாம் பாதியில் நின்றுவிடும். அக்கா புளிக் கையோடு எழுந்து வந்தாள். என் கையிலிருந்து பாக்குவெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய், கடல் மணலைப் போட்டுத் தேய்த்தாள், தேய்த்தாள், அவள் விரல் கன்றிப்போகிற வரைக்கும் தேய்த்தாள். அலகு பளபளத்தது. திருகாணி இடுக்கில் இருந்தது போகவில்லை.

மறுநாளே புளியந்தோப்புக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மாடிப்படியில் குடங்கள் வரிசையாக இருந்தன, ஏறி அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். சுவரில் ஒரு புத்தர் படம், அதன் கீழே பள்ளிக்கூடப் பெண்ணின் ரிப்பன்கள் காய்ந்துகொண்டிருந்தன. அண்ணன் என்னைப் பார்த்ததும் பாயை உதறிப் போட்டார். முகத்தில் ரத்தம் ஓடியிருந்தது, வயிறு ஓரளவு வற்றியிருந்தது. அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. எனக்கு இப்ப பாதி போதும்னு டாக்டரே சொல்ட்டாரு, மிச்சப் பாதி சும்மாதான் கீது என்று மாமா அவரிடம் கதை விட்டிருக்கிறார். அவர் அதை நம்பினார். நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் சுருங்கிப்போனார். எழுந்து போய் அந்த ஃபிலிம் டப்பாவை எடுத்து வந்து இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“இத்த எடுத்துனு போம்மா. அண்ணனுக்குக் குடும்மா. நா ஏற்கெனவே துன்னத எப்பிடிம்மா திருப்பிக் குடுப்பேன்?”

சண்டை போட வந்தவள் டப்பாவை வாங்கிக்கொண்டு வந்தேன். மாமா அதைத் தொட மாட்டேன் என்றார். கொடுத்த பங்கைத் திருப்பி வாங்குகிற வழக்கம் கிடையாதாம். நான் மறுபடியும் எடுத்துக்கொண்டு போய் அண்ணனிடமே கொடுத்தேன். எனக்கு இருந்த ஆத்திரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு, அண்ணனுடைய சோதனை முடிவு எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடிப் போனேன். இவருக்கு வந்தால்தான் மாமா நிம்மதியாக முழு மாத்திரை போடுவார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு மேசை முன்னாலும் நின்று வாதாடினேன், ஒரு இடத்தில் கத்தினேன், ஒரு இடத்தில் அழுதேன். நகர்ந்தது. அண்ணனுக்கு அவருடைய சொந்த மாத்திரை வந்து சேர்ந்தது. மாமாவுக்குச் செய்தி சொன்னபோது, போட்டு கரை சேர்ந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

ஆனால் மாமாவுக்குப் பிந்திவிட்டது. முழு மாத்திரை போட்டார். டாக்டர் அளவைக் கூட்டிக் கொடுத்தார், அதையும் போட்டார். கண்கள் மறுபடியும் வீங்கின. அக்கா நம்பிக்கையோடு துணி நனைத்து ஒற்றினாள். தகட்டில் கோடு மட்டும் ஒவ்வொரு முறையும் தடித்துக்கொண்டே வந்தது. அவருடைய ஏதோ ஒரு செல்லில் குழியின் வடிவம் மாறிப்போயிருந்தது. அந்த ஒன்று பெருகி எல்லாமாகிவிட்டது. பாதி மாத்திரைதான் அதற்கு இடம் கொடுத்ததா, முழுசாகப் போட்டிருந்தாலும் ஆகியிருக்குமா என்று கேட்டால், எந்த டாக்டராலும் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. அதே பாதியைத் தின்ற அண்ணனுக்கு ஏன் ஆகவில்லை என்றும் சொல்ல முடியாது. எத்தனையோ கோடிச் செல்களில் ஒன்றில், ஓரிடத்தில், ஒரு பிசகு. ஒருவருக்கு நேர்ந்தது, இன்னொருவருக்கு நேரவில்லை. அடுத்த ரக மாத்திரைகள் வெளிநாட்டில் வந்துவிட்டன என்றார்கள். எங்கள் வரிசைக்கு அவை வந்து சேர்வதற்குள் மாமாவுக்கு நேரம் முடிந்துவிட்டது.

கடைசி நாட்களில் அவர் முன்னறையில்தான் படுத்திருந்தார். வயிறு மறுபடியும் பெருத்துவிட்டது, பேச்சு அடங்கிவிட்டது. எங்கள் மாமா பேசாமல் இருப்பதை வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் பார்த்தேன். அவர் கடலுக்குப் போகாத நாட்களிலும் போட்டிலிருந்து அவருடைய பங்கு ஒரு கூடையில் வந்துகொண்டிருந்தது. கூடையைப் பார்த்து ஒருமுறை, “பாத்தியா, கரெக்டா வந்துடுச்சு” என்றார் என்னிடம். வாதத்தில் ஜெயித்த மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கண்ணு கூசுது, அணை என்றார். நான் எத்தனை தட்டியும் அணையவில்லை. அக்காதான் வந்து தட்டினாள்.

மாமாவை எடுத்துக்கொண்டு போன அன்று, தெருவில் நின்ற கூட்டத்துக்குப் பின்னால் புளியந்தோப்பு அண்ணன் மாலையோடு நின்றார். அக்கா பார்த்துவிட்டாள். தலைவிரிகோலமாக எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“என் வூட்டு ஆளோட பாதி உன் வயித்துல கீது. இந்த வாசலுக்கு வராத.”

அவர் மாலையை அங்கேயே கல்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா சொன்னது நியாயமில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவளிடம் நியாயம் பேச யாருக்கு வாய் வரும்? அவளுக்கு யாரையாவது வெறுத்தாக வேண்டியிருந்தது. போனவரை வெறுக்க முடியாது. என்னையும் கொஞ்ச நாள் வெறுத்துப் பார்த்தாள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அது நடக்கவில்லை. மிச்சம் அவர்தான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் மாமாவின் படையல் நாளில் அண்ணன் வருவார். வாசலுக்கு வர மாட்டார். தெருக்கோடியில், கருங்கல் கரைமேல், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருப்பார். நான் போய்ப் பேசிவிட்டு வருவேன். மாத்திரை போடுகிறார், ரத்தம் நன்றாக இருக்கிறது, பெண் படிக்கிறாள் என்பார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் பழத்தைக் கல்மேல் வைத்துவிட்டுப் போவார். தெருப் பிள்ளைகள் எடுத்துத் தின்னும். அக்கா ஜன்னலிலிருந்து பார்ப்பாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வாள். நான் ஒன்றிரண்டு முறை பேச்செடுத்தேன். உன் வேலையைப் பார் என்றாள். அந்த வருடங்களில் அவள் வெற்றிலை பாக்குப் போடுவதையே விட்டுவிட்டாள். பாக்குவெட்டி ஆணியிலேயே கிடந்தது. துருவேறியது. எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு, தொட்டால் கையை உடைப்பேன் என்றாள்.

அப்புறம் ஒரு வருடம் படையல் நாளன்று நல்ல மழை. இலை போட்டு, வறுத்த மீனும் சோறும் வைத்து, மாமாவின் படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றியிருந்தோம். இன்றைக்கு அவர் வர மாட்டார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். கல்மேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். குடையை எடுத்துக்கொண்டு நான் கிளம்புவதற்குள் அக்கா என்னைத் தாண்டி நடந்தாள். குடைகூட இல்லை. நான் பின்னாலேயே ஓடினேன், என்ன சொல்லித் தொலைக்கப் போகிறாளோ என்று. அவர் எழுந்து நின்றார். அக்கா அவருடைய முகத்தை, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, கிட்டத்தில் பார்த்தாள். இரண்டு கண்களையும் சுற்றி உப்பி, இமை பாதிக் கண்ணை மூடியிருந்தது.

“கண்ணு வீங்கினு கீது.”

“ஆமா அண்ணி. காலைல தொறக்கவே முடியாது.”

“முழுசா போடறியா?”

“முழுசாதான் அண்ணி போடறேன்.”

அக்கா முந்தானையால் தன் முகத்தைத் துடைத்தாள். மழையைத் துடைத்தாளா, வேறெதையாவதா என்று நான் பார்க்கவில்லை. “உள்ள வா தம்பி” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அண்ணன் வாசலில் தயங்கி நின்றார். உள்ளே வந்து ஈரத்தோடு படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். அக்கா அடுப்படிக்குப் போனாள். தகரத்தைக் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. துருவில் இறுகிக்கிடந்த பாக்குவெட்டியை மண்ணெண்ணெய் விட்டுத் திறந்துகொண்டிருக்கிறாள். அலகைத் துணியால் துடைத்து, ஒரு கொட்டைப் பாக்கை வைத்து, பிடியை இரண்டு கையாலும் அழுத்தி, சரிபாதியாக வெட்டினாள். ஒரு பாதியை வெற்றிலையோடு மாமாவின் இலையில் வைத்தாள். மறுபாதியை அண்ணனிடம் நீட்டினாள்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஜீன்கள் எப்படி விழிக்கின்றன, எப்படி அணைகின்றன என்ற பாடம் வருடத்துக்கு ஒருமுறை வரும். கரும்பலகையில் அம்புக்குறிகள் போட்டு, இந்தப் புரதம் இதைத் தட்டும், இது இதை அணைக்கும் என்று சொல்லிக்கொண்டு போவேன். அந்தக் குழி வருகிற இடத்தில் நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். அதே வியாதிக்காரர்கள் அந்த மாத்திரையால் முழு ஆயுசும் வாழ்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். உண்மைதான். அண்ணன் வாழ்கிறார், பெண்ணுக்குக் கல்யாணம் செய்து கொடுத்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடியும் மீன் வாங்க வருகிறார். பாக்குவெட்டி அதே ஆணியில் இருக்கிறது. திருகாணியில் மஞ்சள் அப்படியே இருக்கிறது. அக்கா அதைத் தேய்ப்பதில்லை. அவர் வரும்போது எடுத்துப் பாக்கு வெட்டுகிறாள், பாதி படத்துக்கு, பாதி அவருக்கு. அந்த மழை நாளில் முதல்முறை நீட்டியபோது அவர் வாங்கப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அக்கா அவர் கையை இழுத்து உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“இத்த பாதி துன்னு. மாத்திரய முழுசா போடு.”